பட்டறைப் பதில்கள்: வாங்குபவர் ஒருவர், புழங்குபவர் ஒருவர்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பும் உண்டு, மரமும் உண்டு. கோட்டைவாசல் வளைவுகளைத் தாண்டிக் கேரளத்துக்குள் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் வாடிக்கைக்காரர்கள். வயதானவர்கள் புழங்கும் சாமான்களைச் செய்வதும் திருத்துவதுமே இப்போது பாதி வேலை ஆகிவிட்டது. போன இதழில் ஆசிரியர் அதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தார். வந்தவற்றில் வைத்தியக் கேள்விகளை மருத்துவரிடம் கேட்கச் சொல்லித் திருப்பிவிட்டேன். மற்றவை இதோ.

அம்மாவுக்கு 78 வயது. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி நாலு சக்கர வாக்கர், பெரிய பட்டன் வைத்த போன், நேரமானால் மணியடிக்கும் மருந்துப் பெட்டி எல்லாம் அனுப்பினான். அம்மா ஒன்றையும் தொடவில்லை, பரணில் கிடக்கின்றன. வாக்கருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறாள். என்ன செய்வது அண்ணாச்சி?
— வாசகி, ஆரியங்காவு

நாற்காலியைத் தள்ளுவதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அந்த வேலைக்குத் தேவையான சாமானை வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது. நாற்காலி எடை குறைவு, களைத்தால் அதிலேயே உட்காரலாம். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் "என்னக்கா, நடக்க முடியலையா?" என்று கேட்கமாட்டாள், ஏனென்றால் அது வெறும் நாற்காலி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் தெருவே விசாரிக்கும்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் பல் போனவர்கள் குழந்தைகளுக்கான மசித்த உணவு டப்பாவை வாங்கிப் போவதை ஹைன்ஸ் கம்பெனி கவனித்தது. சரி, இவர்களுக்கென்றே ஒன்று செய்வோம் என்று 1955இல் 'சீனியர் ஃபுட்ஸ்' என்று பெயர் போட்டு மென்மையான உணவைக் கடைக்கு அனுப்பியது. விற்கவில்லை. குழந்தை டப்பா என்றால் பேரனுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். 'சீனியர்' டப்பாவைக் கடைக்காரர் முன்னால் வைத்துவிட்டு என்ன சொல்வது?

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாங்கியவர் ஷார்ஜாவில், புழங்க வேண்டியவர் ஆரியங்காவில். மகன் ஆன்லைன் கடையில் படத்தையும், வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரத்தையும் பார்த்து வாங்குகிறான். அவன் கண்ணில் படுவது தன் பயம், "அம்மா விழுந்துவிடுவாளோ" என்பது. அம்மாவின் கவலை வேறு: பின்பக்கம் துணி காயப்போட வேண்டும், செடியில் நாலு பூப் பறிக்க வேண்டும். அந்த வாக்கரை நிலைப்படி தாண்டி எடுத்துப்போக முடியுமா? சின்னச் சக்கரம் நம் வீட்டுப் படியில் முட்டி நிற்கும். பளபளப்பான மால் தரைக்கென்று செய்த சக்கரம் அது. பாத்ரூம் கதவு இரண்டடி அகலம்தான் என்றால் உள்ளேயே நுழையாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஈரத் தரையில் வழுக்கும், பழசானால் விரியும். உறுதியான மர நாற்காலிக்கு நாலு காலிலும் நல்ல ரப்பர் புஷ் போட்டு, முதுகுச் சட்டத்தைக் கைக்கு வசமாக உருட்டித் தரலாம். அதைவிட நல்லது, தம்பியை வீடியோவில் அழைத்து அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள்: எங்கே போகக் கஷ்டமாக இருக்கிறது, எங்கே போக ஆசை? வீட்டு வாசல்களை அளந்துவிட்டு, கடைக்கு அவரையே கூட்டிப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, நிறத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டறையில் நான் பூசுவதில் மயில் நீலத்துக்குத்தான் கிராக்கி.

அப்புச்சிக்குப் பொள்ளாச்சி டாக்டர் ஒரு சீட்டு, இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு. ஒரே மாத்திரை இங்கே வெள்ளை, அங்கே ரோஸ். எழுத்தோ எறும்பு சைஸ். குழம்பிப் போகிறார். நல்ல மாத்திரைப் பெட்டி ஏதாவது உண்டா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பெட்டி அப்புறம். முதலில் இரண்டு பக்கத்துச் சீட்டுகளையும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, ஒரே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். அம்லோடிபின் என்ற ஒரே ரத்த அழுத்த மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. இரண்டு மாநிலத்திலும் வாங்கி, வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறவர்கள் எல்லை ஊர்களில் இருக்கிறார்கள். நிறத்தை வைத்து மாத்திரையை அடையாளம் காணும் பழக்கம் நமக்கு ஆபத்தான பழக்கம்.

அதிலும் முதிய கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கும், நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். கண்மணியும் சுருங்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேருகிறது. அதனால் அப்புச்சி மாத்திரை எடுக்கும் இடத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்குப் போடுங்கள். எந்தப் பெட்டியையும்விட அந்த விளக்கு உதவும். கண்ணில் நேராக அடிக்காமல் கையில் விழவேண்டும்.

இனிப் பெட்டி. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஆங்கில முதலெழுத்துதான் இருக்கும். அதில் இரண்டு 'டி', இரண்டு 'எஸ்'. எழுத்தும் பெட்டி நிறத்திலேயே புடைப்பாக இருக்கும், நல்ல கண்ணுக்கே தெரியாது. மேலே வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிக் கறுப்பு மையில் ஞா, தி, செ என்று பெரிதாக எழுதுங்கள். காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு இரண்டு, ராத்திரிக்கு மூன்று என்று மூடி ஓரத்தில் அரத்தால் கீறிவிட்டால் கண்ணாடி போடாமலே விரல் சொல்லிவிடும். மூடியின் நாக்கு விரல் நுனி உட்காரும் அளவுக்கு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள், நகத்தால் நெம்ப வேண்டிய பெட்டி வேண்டாம். சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கக் கூடாது, காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். எவை என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசி வரை வைத்திருங்கள்.

அழுத்தித் திருகும் மூடி போட்ட பாட்டிலைத் திறக்க முடியவில்லை என்று சேலத்திலிருந்தும் ஒருவர் எழுதியிருந்தார். குழந்தை திறந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த மூடி அது. அமெரிக்காவில் 1970இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். குழந்தையோடு சேர்த்து மூட்டுவலிக்காரரையும் அது வெளியே நிறுத்திவிட்டது. 1995இல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயதுக்காரர்களால் திறக்க முடிகிறதா என்றும் சோதிக்கச் சொன்னார்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இல்லையென்றால் சாதாரண மூடி கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள்.

மாமியாருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது. ஆனாலும் அவர் கையால் சமைத்தால்தான் அவருக்கு நிம்மதி. காய் நறுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன், கோபித்துக்கொண்டார்.
— வாசகி, புளியரை

கோபித்துக்கொள்வார். கத்தியைப் பிடிக்கத்தான் அவருக்குக் கஷ்டம். நீங்கள் கத்தியையே பிடுங்கிவிட்டீர்கள் என்று நினைத்திருப்பார்.

இதே கஷ்டத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரமே பிறந்திருக்கிறது. சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கர் சமையல் சாமான் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம்; தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். அப்போதிருந்த சீவிகளுக்கு மெல்லிய இரும்புத் தகடுதான் கைப்பிடி, உள்ளங்கையை அறுக்கும். ஃபார்பர் நியூயார்க்கில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை வைத்துத் தடித்த, மெத்தென்ற கறுப்பு ரப்பர் பிடி போட்ட கருவிகளைச் செய்து, 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். டப்பாவில் எங்கேயும் மூட்டுவலி என்று போடவில்லை. பிடித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் பிடித்தது, மூட்டு நன்றாக இருப்பவர்களும் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இதைவிட நல்ல பாடம் இல்லை.

பிடி ஏன் தடித்திருக்க வேண்டும்? மெல்லிய பிடியை இறுக்க விரலை முழுக்க மடக்க வேண்டும், வலி அந்த மடிப்பில்தான். தடித்த பிடியில் விரல் பாதி மடங்கினால் போதும். ஆனால் தடிமன் மட்டும் போதாது. உருண்டையாக இருந்தால் எண்ணெய்க் கையில் உருளும், முட்டை வடிவம் நிற்கும். உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது: சைக்கிள் கடையில் ஹேண்டில்பார் ரப்பர் பிடி வாங்கி, கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். அடுப்பு நெருப்பில் படாத கரண்டிக்கு மட்டும். துணி ஊறினால் நாறும், அவ்வப்போது மாற்றவேண்டும்.

அரிவாள்மனை பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். மாமியார் அதில்தான் பழகியவர் என்றால் அதைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு கையாலும் காயைத் தள்ளி வெட்டுவதால் கத்தியைப் போல இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. தரையில் குந்துவதுதான் அவருக்கு முடியாது. அடிப்பலகையை மேடை விளிம்பில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, அவரை உயரமான ஸ்டூலில் உட்கார வையுங்கள். தேங்காய்த் துருவிக்கும் இதே ஏற்பாடுதான். வேலை முடிந்ததும் அலகை மூடிவையுங்கள், தரையில் இருந்தபோது தள்ளி நடந்த பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அது முகத்துக்கு நேராக இருக்கும்.

தாத்தாவுக்கு ஈஸிசேர்தான் உயிர். எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது.
— வாசகர், புனலூர்

அந்தப் பக்கம் சாருகசேர என்பார்களே, அதுதானே? உட்கார்ந்து சாய அதற்கு இணையில்லை, எழுந்திருக்க அதைப் போல மோசமானதும் இல்லை. மனிதன் எழும்போது பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, தலையை முன்னால் கொண்டுவந்து, கையை ஊன்றித்தான் எழுகிறான். ஈஸிசேரில் முன்சட்டம் காலைப் பின்னால் இழுக்க விடாது, பின்பக்கமோ குழியில் கிடக்கிறது.

கித்தான் துணி என்றால் சுலபம். கம்பு நுழையும் மடிப்பைப் பிரித்து, துணியைச் சில அங்குலம் குறைத்துத் தையுங்கள். தொய்வு குறையும், உட்காருமிடம் மேலே வரும். ஒரேயடியாக இறுக்கிவிட்டால் தாத்தா சண்டைக்கு வருவார், கொஞ்சங்கொஞ்சமாகக் குறையுங்கள். காலுக்கடியில் இரண்டங்குலக் கட்டை வைத்துச் சட்டத்தை உயர்த்தலாம், நாலு காலுக்கும் குழி வெட்டிய கட்டையாக இருக்கவேண்டும், நழுவக் கூடாது. கைச்சட்டம் முன்னால் நீண்டிருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், எழ அவருக்கு அதுதான் ஊன்றுகோல்.

சாப்பிட, பேப்பர் படிக்க வேறொரு நேர் நாற்காலி வைத்துவிடுங்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ.க்குக் குறையாமல், கை வைத்ததாக, கீழே முன்குறுக்குக் கட்டை இல்லாமல். மதியத் தூக்கத்துக்கு மட்டும் ஈஸிசேர்.

பாத்ரூமில் பிடிப்பதற்கு டவல் கம்பி போதாதா?
— வாசகர், தென்மலை

போதாது. அது துண்டின் எடையைத் தாங்கச் செய்தது, ஆள் இழுத்தால் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பிடிக்கு ஒன்றரை இஞ்ச் எஸ்.எஸ். பைப், சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி. அதைவிட இடைவெளி கூடினால் வழுக்கும்போது முழங்கை உள்ளே மாட்டும். உங்கள் பக்கம் வெட்டுக்கல் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் நிற்காது, சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். கம்மோடு சீட் 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கம்மோடு, வெள்ளைச் சீட் என்று போட்டால் மங்கிய கண்ணுக்கு எல்லாம் ஒரே சுவர். சீட்டை மட்டுமாவது கருநீலமாக மாற்றுங்கள்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றிதழுக்குக் கைரேகை விழுவதில்லை. டச் போனும் அவர் தொட்டால் வேறெங்கோ போகிறது.
— வாசகி, களியக்காவிளை

கைரேகை வயதால் தேய்ந்திருக்கும், தோலும் வறண்டிருக்கும். விரலை ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைத்தால் சில சமயம் விழும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மின்முறை உயிர்வாழ் சான்றிதழ் 2014 நவம்பரில் வந்தபோது கைரேகையும் கருவிழியும்தான். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே செய்யலாம், வீட்டில் உள்ள ஆண்ட்ராய்டு போன் போதும். ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழ உட்காரவையுங்கள்.

டச் போனில் அவர் விரல் திரையில் கொஞ்சம் அதிக நேரம் தங்குகிறது. போன் அதை 'அழுத்திப் பிடித்தல்' என்று எடுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை 'நீளம்' என்று மாற்றுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், தேவையில்லாத படங்களை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மொழியை அவரிடம் கேட்டு வையுங்கள். நம் பகுதியில் தமிழ், மலையாளம் இரண்டும் பேசுவார்கள், படிப்பது ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகள் கேட்காமலே ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறார்கள்.

டிசைன் படிக்கிறேன். இறுதியாண்டுக்கு முதியோருக்கான பொருள் ஒன்று செய்யவேண்டும். எங்கே தொடங்கலாம்?
— மாணவி, பாலக்காடு

இடம் நல்ல இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. நீங்கள் ஒரு பஸ் ஏறினாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்: ஏறும்போது அவர்கள் எந்தக் கையால் எதைப் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பாட்ரீசியா மூர் பற்றிப் படித்திருப்பீர்கள். நியூயார்க்கில் வடிவமைப்பாளராக இருந்த 26 வயதுப் பெண். மூட்டுவலிக்காரர் திறக்கிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவு செய்யலாமே என்று கூட்டத்தில் கேட்டார். அந்த மாதிரி ஆட்களுக்கு நாம் செய்வதில்லை என்று பதில் வந்ததாம். 1979இல் அவர் கிழவி வேஷம் போட்டுக்கொண்டார். மங்கலான கண்ணாடி, அடைத்த காது, மூட்டு மடங்காதபடி கட்டு. மூன்று வருஷம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் அப்படி நடந்து பார்த்தார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முதுமையை ஆராய 1999இல் தொடங்கிய ஏஜ்லேப் இதற்கென்றே ஓர் உடுப்புச் செய்தது. போட்டுக்கொண்டால் இளைஞனுக்கும் கழுத்துத் திரும்பாது, கை எட்டாது.

உடுப்பைப் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுவீர்கள். நாற்பது வருஷமாக ஒரே அடுக்களையில் நின்ற ஆச்சி, வலிக்கும் விரலுக்கு எத்தனை தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள் என்பது அந்த உடுப்புக்குள் கிடையாது. டப்பா மூடியைக் கதவிடுக்கில் வைத்துத் திருகுகிறாள், பால் கவரைப் பல்லால் கிழிக்கிறாள், சாவியில் நூல் கட்டி வைக்கிறாள். அந்தத் தந்திரங்களைப் படம் பிடியுங்கள். ஒவ்வொன்றும் இன்னும் செய்யப்படாத ஒரு பொருள்.

மாதிரியைக் காட்டும்போது "நல்லாயிருக்கா?" என்று கேட்காதீர்கள். பேத்தி வயதுப் பிள்ளை கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போய் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுக்களையில் ஈரமாக இருந்தால் ஜெயித்தீர்கள். அலமாரியில் பளபளவென்று இருந்தால் மறுபடி வரையவேண்டும்.

விலையையும் ரிப்பேரையும் முதல் நாளே யோசியுங்கள். உடைந்தால் கொல்லத்துக்கு அனுப்ப வேண்டிய பொருள் உடைந்த அன்றே பரணுக்குப் போகும். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ஸ்குரூ, உள்ளூர் ரப்பர், உள்ளூர் பேட்டரியாகப் போடுங்கள். விஷயம் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன்: வாசல் கேட் கொண்டி. குனிந்து, தூக்கி, இழுத்து என்று மூன்று வேலை ஒரே சமயத்தில் வாங்குகிறது. முழங்கையால் திறக்கிற, ஆடு திறக்க முடியாத கொண்டி ஒன்று வரைந்து அனுப்புங்கள், பட்டறையில் செய்து தருகிறேன்.

ஊன்றுகோல் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும்? இலவசமாகக் கிடைக்குமா?
— வாசகர், செங்கோட்டை

செருப்புப் போட்டு நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்பு வரை கோலின் பிடி வரவேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும், பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். இலவசத்துக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. 60 வயதான, வருமானம் குறைந்தவர்களுக்கு முகாம் வைத்து ஊன்றுகோல், வாக்கர், காது மெஷின், கண்ணாடி, பல்செட் கொடுக்கிறார்கள். முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் சமூக நலப் பிரிவில் விசாரியுங்கள், அல்லது 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டி வாங்குங்கள், குத்துமதிப்பாக வாங்கினால் கழன்றுவிடும்.